பால்கனியில் நின்றவர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் திண்டுக்கல்லில் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கட்டப்போகும் வீடு வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்பதைக் கம்ப்யூட்டரில் படமாகச் செய்து கொடுப்பது என் வேலை. எங்கள் ஊருக்கு அப்போது அது புதுசு. வரைபடத்தின் கோடுகளுக்கு வெறுமனே தலையாட்டுகிறவர்கள்கூட வண்ணப் படத்தைக் கண்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஒருநாள் சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். கணவர் வளைகுடா நாட்டில் வெல்டர். அவர் கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் இப்போது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டையான கூரை, பெரிய கண்ணாடி ஜன்னல்கள், மாடியில் பால்கனி என்று எல்லாம் புது மோஸ்தர். நான் செய்திருந்த படத்தை அக்கா வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா எல்லாரும் செத்துப்போன வீடு மாதிரில்ல இருக்கு.”

பொறியாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா சொன்னது உண்மை. சுவர்கள் பிளாஸ்டிக்கில் வார்த்தவை போல வழவழவென்று இருந்தன. வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணாடிகளுக்குள் வெறும் சாம்பல் நிறம்.

அலுவலகத்து கேமராவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்காவின் காலி மனையில் நின்று, சாயங்கால வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டேன். எதிரே இருந்த தென்னந்தோப்பைப் படம் எடுத்தேன். ஜன்னல் கண்ணாடியில் அதுதானே தெரியும். அக்கம்பக்கத்து வீடுகளில் மழை தெறித்த செம்மண் கறை, சன்ஷேடுக்குக் கீழே தண்ணீர் வழிந்த கோடு, வெளுத்த பெயிண்ட் எல்லாவற்றையும் எடுத்தேன். திரும்பி வந்து ஒவ்வொன்றாகப் படத்திலிருந்த வீட்டுக்குப் பூசினேன். கத்தியால் வெட்டியது போலிருந்த சுவர் முனைகளை லேசாக மழுக்கினேன். படம் உருவாக மதியத்திலிருந்து சாயங்காலம் வரை ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

வீட்டில் ஆள் வேண்டுமே. சாஃப்ட்வேரோடு வந்த ஆட்கள் எல்லாரும் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள். திரும்பி வந்து இறங்கியபோது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எடுத்த ஒரு படத்தில், வெள்ளைச் சட்டையும் கைலியுமாக ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரை வெட்டி எடுத்துப் பால்கனியில், அறைக்குள் போகத் திரும்பியவர் போல நிறுத்தினேன். பக்கத்துச் சுவரில் நிழலும் போட்டேன். எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். இல்லாத வீட்டில் யாரோ ரொம்ப நாளாகக் குடியிருப்பது போலிருந்தது.

மறுமுறை வந்த அக்கா திரையில் பால்கனியில் நின்றவரைத் தொட்டார்.

“இவுக போட்டோ ஒங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?”

“யாரு போட்டோக்கா?”

“எங்க வீட்டுக்காரரு போட்டோதான்.”

பஸ் ஸ்டாண்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. “பொண்டாட்டிக்குத் தெரியாதா முதுகு?” என்றார். பெரிய பிரிண்டாக வாங்கிக்கொண்டு போனார்.

வீடு மெல்ல எழும்பியது. வேலையைப் பார்க்கப் போய்வரும் பொறியாளர், அந்தப் படம் அவர்களுடைய வாடகை வீட்டுச் சுவரில் தொங்குவதாகச் சொன்னார். பள்ளிக்கூடம் கிளம்பும்போது மகள் பால்கனியில் நிற்பவருக்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் போகிறாளாம்.

கிரகப்பிரவேசத்துக்குக் கணவர் வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். வாசலில் இறங்கியதுமே கால் நின்றுவிட்டது. தென்னந்தோப்பு கண்ணாடியில் நான் வைத்தபடியே அசைந்துகொண்டிருந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் இடதுபக்க சன்ஷேடுக்குக் கீழே ஒரு கோடு வழிந்திருந்தது. நான் பூசியதும் அதே இடத்தில்தான். “தண்ணி ஓடுற வாட்டம் சரியில்ல, வேறொண்ணுமில்ல” என்று பொறியாளர் மேஸ்திரியைத் தேடிப் போனார்.

கணவர் மெலிந்து, முடி கொட்டி, ஒரு தோள் இறங்கிப் போயிருந்தார். மகள் அவரிடம் போகவே இல்லை. ஹாலில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, “எங்கப்பா அங்க நிக்கிறாரு” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் அக்கா என் கையைப் பிடித்தார். “படத்துல நிக்கிறவுக முதுகு எனக்குத் தெரியுது பாப்பா. வந்திருக்கிறவுக முதுகைக் காட்டி நின்னா யாரோ மாதிரி இருக்கு. பயமா இருக்கு.”

கிளம்பும்போது கணவர் வாசல்வரை வந்தார்.

“அந்தப் படத்துல நிக்கிறது யாரும்மா?”

“தெரியலண்ணே. பஸ் ஸ்டாண்டுல நின்ன யாரோ.”

“நான் வாரதுக்கு முன்னாடியே குடிவந்துட்டாரு.” சிரிக்கத்தான் பார்த்தார். “அவரை எடுத்துட்டு வேற படம் போட்டுக் குடும்மா.”

மறுநாளே ஆளை நீக்கிவிட்டு, புதுப் படத்தை மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினேன். சில நாள் கழித்து அக்கா போன் செய்தார்.

“ஆளை எடுத்துட்டீங்க, நெழலை விட்டுட்டீங்களே பாப்பா.”

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். நிழலைத் தனியாக வைத்திருந்ததால் அது அப்படியே தங்கிவிட்டது. ஆளில்லாத பால்கனியில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மனிதனின் நிழல்.

“வேற போட்டுத் தாரேன்க்கா.”

“வேணாம். இவ அதைப் பாத்துட்டு, அப்பா உள்ள போயிட்டாருன்னு மாடிக்கு ஓடுனா. நானும் பின்னாடியே ஓடுறேன். மேல ரூம்புல அவுக கட்டில்ல உக்காந்திருந்தாக. நேராப் போயி மடியில ஏறிக்கிட்டா. இம்புட்டு நாளா கிட்டவே போகாத புள்ள. அவுக அழுதுட்டாக.”

“நல்லதுதானேக்கா.”

“நல்லதுதான். ஆனா அவுக கடைக்குப் போயிருந்தாக பாப்பா. நான் வாசல்லதான் இருந்தேன். என்னையத் தாண்டி எப்ப மாடி ஏறுனாகன்னு தெரியல. கேட்டா சிரிக்கிறாக.”

அவர் மறுபடி வெளிநாடு போகவில்லை. ரோட்டோரமாகக் கிரில் பட்டறை வைத்தார். பட்டறை நன்றாக நடந்தது. நான் வேலையை விட்டபிறகு ஒருமுறை அக்காவை மார்க்கெட்டில் பார்த்தேன். பூசினாற்போல இருந்தார். மகள் அப்பா பின்னாலேயே திரிகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“இப்பவும் அவுக முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா, கிட்டப் போக மாட்டேன் பாப்பா. தள்ளி நின்னு ‘என்னங்க’ன்னு ஒருக்காக் கூப்புடுவேன். திரும்புன பெறகுதான் எனக்கு மூச்சே வரும்.”