மேயர் உயர உயர மல்லிகாவுக்கு லீவு இல்லை

இன்று நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசைவீட்டுச் செல்லம்மா அக்கா என் அருகில் உட்கார்ந்தார். கடையில் கேட்டு வாங்கிய சிங்களப் பத்திரிகைத் துண்டை நீட்டினார். அதில் ஒரு பெரிய நகரத்து மேயரின் படம். பெயர் வேண்டாம்.

"தம்பி, என்ன போட்டிருக்காங்க?"

"அடுத்த எலக்ஷன்ல பார்லிமென்டுக்கு நிக்கப் போறாராம்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அவர் மகள் மல்லிகா அந்த மேயர் வீட்டில்தான் சமையல் வேலை செய்கிறாள்.

"அவரு மாநகரசபையில சும்மா மெம்பரா இருந்தப்ப இவ தீவாளிக்கும் வருவா, திருவிழாவுக்கும் வருவா. உதவி மேயரானாரு, திருவிழா நின்னுபோச்சு. மேயரானாரு, தீவாளியும் போச்சு. ஓயாம ஆளுங்க வர்றாங்களாம், தேத்தண்ணி ஊத்த இவ வேணுமாம்."

எனக்குப் பொறுமை கிடையாது. "வேலைய விட்டுட்டு வரச் சொல்லுங்க."

"வந்து? என்னோட கொழுந்து பறிக்கவா? அது வேணாம்னுதானே அனுப்புனேன்."

எலக்ட்ரிக்கல் டிப்ளோமாவோடு இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும் நான் பத்திரிகைத் துண்டை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

"அவரு தோக்கணும்னா நாங்க யாருக்கு ஓட்டுப் போடணும், தம்பி?"

"நமக்கு அங்க ஓட்டே இல்லக்கா. மல்லிகாவுக்கு?"

"அவளுக்கு அந்த வீட்டு அட்ரஸ்லதான் ஓட்டு. ஐயாவுக்குத்தான் போடுவாளாம். நல்ல மனுசனாம்."

அந்த நகரத்தில் ஓட்டு உள்ள நண்பர்களே, அவர் நல்லவராகவே இருக்கட்டும். எதிரே நிற்பவர் யார் என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள். அக்கா நாளைக்கும் கேட்பார்.