அம்மா விளிச்சா

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "அப்பா, அம்மா போன்ல விளிச்சா." மலையாளப் பள்ளியில் சேர்ந்த பிறகு அவளுக்குக் கூப்பிடுவதெல்லாம் 'விளிப்பது' ஆகியிருந்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவளுடைய அம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையில் எனக்கு வேலை என்பதால், கல்யாணமான கையோடு நானும் மனைவியும் அங்கே குடிவந்தோம். சாதாரணக் காய்ச்சலாகத்தான் மனைவிக்கு ஆரம்பித்தது. பிறகு மூளையைத் தாக்கிவிட்டது என்றார்கள். பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். ஒருமுறைகூடக் கண் திறக்கவில்லை. குழந்தையை ஊரில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். எல்லாக் காரியமும் முடிந்து மகளைத் திரும்ப அழைத்து வந்தபோது, ஆட்டோவில் அவள் கேட்ட முதல் கேள்விக்கே பொய் சொன்னேன். அம்மா உடம்பு தேறுவதற்காகப் பம்பாயில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். "பிள்ளைகிட்ட உள்ளதைச் சொல்லிருடே. நாள் போகப்போக உன்னால முடியாது" என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டேன்.

மகள் அழுது அடம்பிடிக்கும் ரகமில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கேட்பாள். பதிலை வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விடுவாள். மறுநாள், விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடங்குவாள். அம்மா எந்த ரயிலில் போனாள் என்று விடாமல் கேட்டதால், ரயிலைக் காட்டினால் அடங்குவாள் என்று தம்பானூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவள் என் கையை உதறிவிட்டு டீ விற்பவரிடம் போய், பம்பாய்க்குப் போகிற வண்டி திரும்பி வருமா என்று மலையாளத்தில் கேட்டாள். திரும்பி வராமல் எங்கே போகும் மோளே என்று அவர் சிரித்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் அலமாரியிலிருந்து அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தாள்.

"இது இல்லாம அம்மாவுக்கு வாசல்படி கூடத் தெரியாதே. எப்படி ரயில் ஏறினா?"

"புதுசு வாங்கியாச்சு மக்ளே."

"எந்தக் கடையில?"

எனக்கு உடனே ஒரு கடையின் பெயர் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் குரல் கேட்டதும் நான் நிதானமாக, "அப்படியா, என்ன சொன்னா?" என்று கேட்டிருக்க வேண்டும். என் பொய்க்கு அதுதான் பொருத்தம். ஆனால் நான் ஓடினேன். வாளியைத் தட்டிவிட்டு, சோப்பு நுரை வழியும் கையோடு ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"அவ எப்படி மக்ளே கூப்பிடுவா?" என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது.

அவள் அசையாமல் நின்றாள். "ஏன் கூப்பிட முடியாது?"

நான் போனை மறுபடி திருப்பிப் பார்த்தேன்.

"அம்மா செத்துப்போயிட்டா. அப்படித்தானே?"

தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கித் தன் பாவாடையில் ஈரத்தைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்போ நீங்க ஏன் ஓடி வந்தீங்க?"

குளியலறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஆறு தப்படி இருக்கும். அந்த ஆறு தப்படியிலும் என் மனைவி உயிரோடு இருந்தாள். கொள்ளி வைத்த கை என்னுடையது. அப்படியும் நம்பி ஓடினேன். எத்தனையோ வருடங்கள் கழித்தும், போன் அடிக்கும்போதெல்லாம் என் கால்கள் தரையை விட்டு ஒரு நொடி எழும்பி அடங்குகின்றன.

மகள் இப்போது ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவளுக்கு எதுவுமே நினைவில்லை. "அப்படியா கேட்டேன்? பாவம்ப்பா நீங்க" என்று சிரித்தாள். ஸ்டேஷனுக்குப் போனதும் நினைவில்லை, அம்மாவின் குரலும் நினைவில்லை என்றாள். இத்தனை வருடமும் அந்தக் காலையை நான் தனியாகத்தான் சுமந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சற்று நேரம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"ஆஸ்பத்திரியில அம்மா என்னைத் தேடினாளாப்பா?"

"தேடினா மக்ளே. உன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டா."

அவள் நிமிர்ந்து என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அடுத்த கேள்வி வரும் என்று நான் காத்திருந்தேன். அவள் குழம்புச் சட்டியை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.