லாரி மாமா செய்த சலவை

அந்தக் குழந்தைகள் வளர்ச்சி மையத்தில் அவருக்கு மூன்று பெயர்கள் இருந்தன. வருகைப் பதிவேட்டில் ‘பராமரிப்பாளர், பயிற்சி’. சமையலறையில் ‘இவர்’, அங்கே சமைப்பவர் அவருடைய மனைவி. இரண்டு வயதுக்காரர்களின் அறையில் லாரி மாமா. இதில் எது உங்கள் பெயர் என்று கேட்டால் அவர் கடைசியைத்தான் சொல்வார்.

இருபத்திரண்டு வருஷம் சரக்கு லாரி ஓட்டியவர். ஒரு நாள் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது முதுகில் எலும்பு வட்டு ஒன்று நழுவியது. இனி ஸ்டியரிங்கையும் தொடக் கூடாது, சுமையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து, உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதுவரை மனைவிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? “ஒண்ணு நீங்க வெளியே போகணும், இல்லைன்னா நான் போகணும். ரெண்டு பேருக்கும் இந்த வீடு தாங்காது” என்றார். மையத்தில் தொட்டில் ஒன்றின் சக்கரம் கழன்று கிடப்பதாகச் சொல்லி, கையோடு அழைத்தும் போய்விட்டார்.

டயர் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது மையம். முழங்கால் உயரத்தில் கை கழுவும் தொட்டிகள், இடுப்பு உயரத்தில் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே ஒரு படம். பேர் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குடையும் நத்தையும் சாவியும்தான் விலாசம். அவர் தரையில் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தார். பத்து நிமிஷத்தில் முதுகில் இரண்டு பேர், மடியில் ஒருவன், திருப்புளியின் மறு நுனியில் இன்னொருவன். டாக்டர் சுமை தூக்கக் கூடாது என்றாரே தவிர, சுமை தானாக வந்து ஏறினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. மையத்தின் பொறுப்பாளரான மேடம் இதைக் கதவோரம் நின்று பார்த்தார். பயிற்சியில் சேர்கிறீர்களா என்று அன்றே கேட்டும்விட்டார்.

அந்தப் பயிற்சி ஒரு வருஷம் நடந்தது. வகுப்பில் முப்பத்தொரு பெண்கள், இவர் ஒருவர். முதல் வாரம் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். இரண்டாவது வாரம் அவருடைய நோட்டை வாங்கிக் காப்பியடித்தார்கள். லாரிக்கு டிரிப் ஷீட் எழுதிய கை, எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதியிருந்தது. எழுத்துத் தேர்வில் முதல் முறை கோட்டைவிட்டார். இரண்டாவது முறைக்கு மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டு, தப்பாகச் சொன்னபோதெல்லாம் கத்தியைக் காட்டி, எப்படியோ கரையேற்றிவிட்டார்.

படித்தது பாதி என்றால், படிக்காமலே அவருக்குத் தெரிந்த ஒன்று உண்டு. புதிதாக வந்து அழும் குழந்தையை அவர் தூக்க மாட்டார், கொஞ்ச மாட்டார், முகம் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார். அதற்குக் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏதாவது ஒரு பொம்மையைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். குழந்தை தானாக வரும்வரை அப்படியேதான். இதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய சொந்த மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். ஆசையாகக் கையை நீட்டினால், யாரோ பிள்ளை பிடிக்கிறவனைக் கண்டதுபோல வீறிடுவாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் மட்டும் அரை மணி நேரத்தில் வந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள். அவள் தவழ்ந்ததை அவர் பார்க்கவில்லை, முதல் அடி வைத்ததையும் பார்க்கவில்லை. இப்போது அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவளிடம் பார்க்காமல் விட்டதையெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளிடம் பார்க்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதில் அவருக்கு வெட்கமில்லை.

அப்படிப்பட்டவருக்கே பிடிகொடுக்காத ஒருத்தி அந்தக் குளிர்காலத்தில் வந்து சேர்ந்தாள். இரண்டே முக்கால் வயது. தபால் நிலையத்தில் பார்சல் பிரிக்கும் அம்மா காலை எட்டு மணிக்கு விட்டுவிட்டுப் போவார். அப்போதிலிருந்து மாலை ஐந்து வரை, முதுகில் மாட்டிய பையைக் கழற்றாமல், கண்ணாடிக் கதவருகே நிற்பாள். அழ மாட்டாள். பையோடு சாப்பிடுவாள், பையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். எந்த நிமிஷமும் வண்டி வந்துவிடும், தவறவிட்டுவிடக் கூடாது என்று நிற்கிறவளின் நிற்பு அது. லாரி மாமா அவளுக்கு ‘பாஸஞ்சர்’ என்று பெயர் வைத்தார். குழந்தைகள் எல்லாரிடமும் அவர் வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

“பாஸஞ்சர், வண்டி வர இன்னும் நேரமிருக்கு. லக்கேஜை இறக்கி வைக்கலாமே?” என்று முதுகைக் காட்டியபடி தினமும் கேட்பார். மூன்று வாரமாகியும் பை இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் மதிப்பீட்டு நாள் வந்தது. எழுத்துத் தேர்வு முடிந்தால் போதாது. மேலிடத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து, காலை முதல் மதியத் தூக்கம் முடியும்வரை அறையில் உட்கார்ந்து பார்ப்பார். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பயிற்சிக் காலம் அன்றோடு சரி; அவர் அந்த அறைக்குள் கால்வைக்க முடியாது. வீட்டுக்குப் போய் மறுபடியும் உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதற்கு அவரைவிட அதிகமாகப் பயந்தவர் அவருடைய மனைவி.

முந்தின நாள் ஐந்து மணிக்குக் குழந்தைகள் போனதும் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். லாரியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகும் முன்பு கூரையிலிருந்து டயர்வரை கழுவி மினுக்கிவிடுவது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கண்ணாடியைத் துடைத்தார். பொம்மைகளை ஊறப்போட்டார். திரைச்சீலையைக் கழற்றி மெஷினில் போட்டார். மெஷினில் இன்னும் இடமிருந்தது. அலமாரியில் பன்னிரண்டு தூக்கத் துணிகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒருவனுக்கு அம்மாவின் பழைய நைட்டித் துண்டு, ஒருத்திக்கு அப்பாவின் பனியன், இன்னொருவனுக்கு வீட்டுத் தலையணை உறை. அழுக்காக, கசங்கி, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தன. அள்ளி உள்ளே போட்டு, இரண்டு மூடி சோப்புத் தூள் கூடுதலாகவும் கொட்டினார்.

தூக்கத் துணி எதற்கு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். வீட்டு வாசனையை மோந்தால் பிள்ளைகள் பயமின்றித் தூங்குவார்கள், அதனால் துவைக்கவே கூடாது என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவர். ஆனால் எழுதியது மூளை, துவைத்தது கை. மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். அந்த அம்மாள் அன்று பல்வலி என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை மதிப்பீட்டாளர் அம்மா வந்து, மூலையில் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். மடியில் நாலு பக்கப் படிவம். குளிர் அதிகம் என்பதால் எல்லாரும் ஸ்வெட்டரில் வந்து இறங்கினார்கள். ஸ்வெட்டர்கள் கொக்கிக்குப் போயின. பாஸஞ்சரின் அம்மா மட்டும் நேரமாகிவிட்டது என்று ஓட்டமாக வந்தவர், ஸ்வெட்டரை மறந்துவிட்டிருந்தார். பாஸஞ்சர் வழக்கம்போலப் பையோடு கதவருகே போய் நின்றாள்.

காலை முழுக்க எல்லாம் தேர் மாதிரி ஓடியது. எப்போதும் கட்டைகளை அடுக்கி அடுத்தவர்களை வேலை வாங்கும் பொடியன் ‘மேஸ்திரி’ அன்று ஒருவரையும் அடிக்கவில்லை. பேக்கரிக்காரர் பிள்ளை சாப்பாட்டைக் கொட்டவில்லை. மதிப்பீட்டாளரின் பேனா இரண்டு தடவை தலையசைத்தது போலவே லாரி மாமாவுக்குத் தோன்றியது.

பன்னிரண்டரைக்குப் பாய்களை விரித்துத் துணிகளைக் கொடுத்தார். முதலில் மேஸ்திரி தன் துணியை மூக்கில் வைத்தான், எடுத்தான், திருப்பி வைத்தான். “இது இல்ல” என்றான். அடுத்தவள் தூக்கி எறிந்தாள். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் தொடங்கி, பாஸஞ்சரைத் தவிர மற்ற பதினொரு பேரும் கூரை இடிகிற மாதிரி அழுதார்கள். டயர் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். லாரி மாமா ஒரு துணியை எடுத்து மோந்து பார்த்தார். சோப்பு, வெறும் சோப்பு. செய்த வேலை அப்போதுதான் உறைத்தது.

சமையலறையிலிருந்து வந்த மனைவி துணி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். “துவைச்சுட்டீங்களா?” என்றார் மெதுவாக.

“துவைச்சுட்டேன்.”

“என்னன்னு சொல்றது உங்களை.”

மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். “என்ன ஆச்சு?” என்று கேட்டார். மழுப்ப ஆயிரம் வழியிருந்தது. அவர் அதில் ஒன்றையும் எடுக்கவில்லை.

“லாரியைச் சோதனைக்கு விடுறதுக்கு முன்னாடி கழுவுற மாதிரி கழுவிட்டேன் மேடம். இவங்க அம்மா அப்பா வாசனையெல்லாம் சாக்கடையில போயிடுச்சு. தப்பு என்னுதுதான்.” குழந்தைகள் பக்கம் திரும்பி அவர்களுக்கும் அதையே சொன்னார். “மாமா தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க.” அந்த இரைச்சலில் யார் காதில் விழுந்தது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

திரும்பியபோது கொக்கிகள் கண்ணில் பட்டன. காலையில் வீட்டிலிருந்து நேராக வந்த ஸ்வெட்டர்கள். பதினொன்றையும் ஒரே அணைப்பில் அள்ளினார். தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மோந்து, படத்தைப் பார்க்காமலே ஆளைக் கூப்பிட்டார். “வெண்ணெய், ரொட்டி. பேக்கரிக்காரரே, இந்தாங்க. இது பூனை வளர்க்கிற வீடு, வாங்க தாயே. இது தலைவலித் தைலம். மேஸ்திரி, அப்பாவுக்கு இன்னும் சளி குறையலையா?” ஒவ்வொருவராக ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்தார்கள். அழுகை விசும்பலாகி, விசும்பல் மூச்சாகிக் குறைந்தது. பூனை வீட்டுக்காரி மட்டும் வழிதவறி மதிப்பீட்டாளரின் மடியில் ஏறி, அந்த அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். படிவம் கீழே விழுந்தது. எடுக்க வழியில்லை.

மீதி இருந்தது பாஸஞ்சர். ஸ்வெட்டர் இல்லை. துவைத்த துணியைக் காலடியில் போட்டுவிட்டு, கதவருகே, முதல் முறையாக உதடு பிதுங்க நின்றாள். லாரி மாமா அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இந்த முறை கையில் பொம்மைகூட இல்லை.

“பாஸஞ்சர், எனக்கு ஒண்ணு தோணுது. உங்க பை ராத்திரி எங்க தூங்குது? உங்க வீட்லதானே? அப்ப வீட்டு வாசனை முழுக்க அதுக்குள்ளதான் இருக்கும். முதுகுல இருந்தா எப்படி மோந்து பாக்கிறது?”

நெடுநேரம் கழித்துப் பின்னால் ‘சர்ரக்’ என்று ஜிப் திறக்கும் ஓசை. அவர் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பது இருபத்திரண்டு வருஷம் ஓட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. எதிர் மூலையில் மாட்டிக்கொண்டிருந்த மதிப்பீட்டாளர்தான், கண்ணாலேயே ‘இறக்கிட்டா’ என்று சைகை காட்டினார். பை தரையில், பைக்குள் தலை, கால்கள் மட்டும் வெளியே. பார்சல் ஒட்டும் நாடா வாசனையும் அம்மாவின் கை வாசனையும் கலந்திருந்த அந்த இருட்டில் பாஸஞ்சர் படுத்தே தூங்கிவிட்டாள். லாரி மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் மதிப்பீட்டாளரால் அசைய முடியவில்லை. கால் மரத்துப்போய், கிசுகிசுத்த குரலிலேயே முடிவைச் சொன்னார். “முன்கூட்டியே திட்டமிடுறதுல உங்களுக்கு முட்டை.”

“சரி மேடம்.”

“மத்ததுல எல்லாம் முழுசு. அடுத்த வருஷம் பாக்க வரும்போது எதையும் கழுவி வைக்காதீங்க.”

அடுத்த வருஷம் என்ற வார்த்தை அவர் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. சமையலறைப் பக்கம் தட்டு ஒன்று ‘டங்’ என்று விழுந்தது. மனைவி கதவிடுக்கில் நின்று கேட்டிருக்கிறார்.

மாலை ஐந்துக்குப் பாஸஞ்சரின் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். கண்ணாடிக் கதவில் மகளைக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தால், கொக்கியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. மகள் மேஸ்திரியோடு தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாம்மா, போகலாம்.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “இரு, வரேன்” என்றுவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள்.

அம்மா கொக்கியிலிருந்து பையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு, கதவருகே, மூன்று வாரமாக மகள் நின்ற அதே இடத்தில் நின்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

லாரி மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க பாஸஞ்சர்” என்றார். “வண்டி கிளம்ப நேரமாகும்.”