டீச்சர் தட்டினார், நான் சேர்ந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் அம்மா ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட வரவில்லை. தீர்ப்புச் சொல்ல வந்திருந்தார்!

எதிரே தரையில் நான். என் மேலே ஒரு கணக்கு டீச்சர்.

விஷயம் இதுதான். எனக்குக் கேட்ச் ரெஸ்லிங் பைத்தியம். மல்யுத்தத்தில் ஒரு வகை. எதிராளியின் இரண்டு தோளையும் தரையில் அழுத்திவிட்டால் ஜெயிக்கலாம். இல்லையென்றால் கையையோ காலையோ மடக்கிப் பூட்டுப் போட வேண்டும். வலிக்கிறவர் தரையைத் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தட்டிய நொடியே பிடியை விட்டுவிட வேண்டும். மொபைலில் ஒரே ஒரு வீடியோ பார்த்தேன்... அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தலையணைகளுக்கு நிம்மதி போயிற்று.

தலையணை போதுமா? வாத்தியார் வேண்டாமா?

முதலில் கிடைத்தவர் வேலூரில் ஒரு மாஸ்டர். கறுப்பு டிரஸ், கண்ணாடி பதித்த ஹால், வாரத்துக்கு நாலு ரீல்ஸ். அவர் கை பட்டதும் மாணவர்கள் பறந்துபோய் விழுந்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தன்னைப் பிடிக்க யாரையுமே அவர் விடவில்லை என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? என் வேலையே ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பது! மேஜைக்கு வரும்போது எல்லாத் தோலும் பளபளவென்றுதான் இருக்கும். மேலே அடித்த ஃபினிஷிங் பாதிக் குறையை மறைத்துவிடும். அதனால் புரட்டி அடிப்பக்கம் பார்ப்போம். மேல்பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, தொளதொளவென்று சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்போம். எட்டு மணி நேரம் தோலைப் புரட்டுகிற நான், ஓர் ஆளைப் புரட்டிப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அந்த வகுப்பில் தட்டினால் சிரிப்பார்கள். "இன்னாம்மா, அதுக்குள்ள தட்டிட்ட? பயம் ஜாஸ்தியா இருக்கே!" என்பார் மாஸ்டர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாவது வாரம் அவர் என் இடது கையைச் சடக்கென்று முறுக்கினார். நான் தட்டவில்லை.

இரண்டு வாரம் கட்டு. அம்மாதான் தலை பின்னிவிட்டார். பின்னலுக்கு ஒரு திட்டு.

"கம்பெனி வேலைக்குக் கை வேணுமா, வேணாமாடி உனக்கு? இன்னொரு வாட்டி கட்டு போட்டுக்கினு வந்தே... அதோட எல்லாம் குளோஸ்!"

கட்டுப் பிரித்த வாரம், எங்கள் கட்டிங் செக்ஷன் குமார் அண்ணன் ஒரு தகவல் சொன்னார். "டீச்சர் ஒருத்தவங்க வந்து, ஷூ உள்ள போடற ஃபோம் ஷீட்டு வேஸ்ட்டா கீதான்னு கேட்டு வாங்கிக்கினு போனாங்க. ஒட்டி மேட் பண்றாங்களாம். உன்ன மாதிரியே குஸ்தி கேஸு."

அப்படித்தான் ஸ்டெல்லா அக்கா கிடைத்தார். வாரநாளில் கணக்கு டீச்சர். காலேஜில் மல்யுத்த டீம். பிறகு மூன்று வருஷம், சனிக்கிழமைதோறும் பெங்களூருக்கு ரயிலேறி கேட்ச் கற்றவர். ஞாயிறு காலை மண்டபத்தில் வகுப்பு. முகூர்த்தம் இருந்தால் லீவு!

இந்தத் தடவை நான் உஷார். போனதும் கேட்டேன்.

"அக்கா, உங்கள யாராச்சும் தோக்கடிச்சிருக்காங்களா?"

அவர் கோபப்படவில்லை. "ஃபர்ஹானா, இங்க வா. புதுப் பொண்ணுக்குப் பதில் சொல்லு" என்றார்.

ஃபர்ஹானா காலேஜ் மாணவி, ஒல்லிக்குச்சி. ஐந்து நிமிஷம் இருவரும் புரண்டார்கள். திடீரென்று டீச்சரின் கணுக்கால் அவள் கக்கத்தில். பட் பட்டென்று தரையைத் தட்டினார் டீச்சர்... அத்தனை மாணவிகள் முன்னால்! எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"சூப்பர்டி! எப்படிப் புடிச்ச? இன்னொரு வாட்டி காட்டு."

புரட்டிப் பார்த்துவிட்டேன். முதல் தரம். அன்றே சேர்ந்தேன்.

ஆனால் அம்மா நம்பவில்லை. "நானே வந்து பாக்கறேன். புடிக்கலன்னா இன்னியோட நின்னுடணும்" என்றார். அதனால்தான் அந்த பிளாஸ்டிக் நாற்காலி.

காலை முழுக்க யார் யாரிடமோ தோற்றேன். கடைசியில் டீச்சர். அதே இடது கையைப் பின்னால் மடக்கி, மெதுவாகப் பூட்டை இறுக்கினார். அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய ரோஷம் திரும்பி வந்தது. அம்மா பார்க்கும்போதா தட்டுவது? கொஞ்சம் பல்லைக் கடித்தால்...

"யார்கிட்ட ஹீரோ வேலை காட்ற ரேவதி?" காதருகே டீச்சர் குரல். "தோள் உன்னுது."

தட்டினேன். அந்த நொடியே கை விடுதலை. சுழற்றிப் பார்த்தேன், பத்திரம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா மேட் ஓரம் வந்து நின்றார். "இன்னா டீச்சர், சும்மா சும்மா தரைய தட்றா?"

"தோத்துட்டேன்னு ஒத்துக்கிறா ஆன்ட்டி. தட்டுனா வுட்டுடுவோம்."

"யாரு... இவளா? ஒத்துக்கிறாளா?"

"காலைலேர்ந்து ஒம்போது வாட்டி!"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... யார் பெற்ற பிள்ளை இது என்கிற மாதிரி.

"டீச்சர், பொறந்ததுலேர்ந்து எங்கிட்ட ஒரு வாட்டி ஒத்துக்கினது இல்ல இவ! மோட்டார நிறுத்தாம தெருவெல்லாம் தண்ணி வுட்டுட்டு, 'அது தானா ஆன் ஆயிடுச்சு'ன்னு நின்னவ!" மூச்சு வாங்கிக்கொண்டு, தீர்ப்பைச் சொன்னார். "வாராவாரம் நானே கூட்டிக்கினு வர்றேன். நல்லா சொல்லிக் குடுங்க."

மாணவிகள் கைதட்டிய தட்டில் மண்டபத்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

நல்ல வாத்தியாரிடம் முதலில் கற்றுக்கொள்வது ஜெயிக்க அல்ல. வெட்கப்படாமல் தோற்க. அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வருகிறது.

ஒரே ஒரு சங்கடம். இந்த ஒரு வாரமாக வீட்டில் வாக்குவாதம் முற்றினால் அம்மா கத்துவதே இல்லை. சாப்பாட்டு மேஜையைக் காட்டி ஒரே வார்த்தைதான் சொல்கிறார் — "தட்டு!"