நடக்க மறந்த கால் சைக்கிள் மிதித்த கதை

பிரேக் பிடிக்கவில்லை. அதுதான் முதல் அறிகுறி. கையில் வந்த கோளாறு என்று அப்போது தெரியவில்லை. சைக்கிள் சரியில்லை என்றே நினைத்தேன்.

என் மகள் வசந்தி பிரான்ஸ் தேசத்தில், தெற்கே மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளையும் எங்களைப் போலக் காரைக்கால்காரர்தான். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வருஷா வருஷம் கோடைக்கு நானும் என் மனைவி தனமும் அங்கே போய்விடுவோம். காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, அந்த நாட்டு மலை ரோட்டில் சைக்கிள் மிதித்தவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

அந்த ரோடு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று வளைந்து வளைந்து ஏறும். கீழே ஆறு வெள்ளி அரைஞாண் மாதிரி கிடக்கும். எப்போதாவது ஒரு கார் வரும். அதுவும் ஹார்ன் அடிக்காமல் என் பின்னாலேயே பொறுமையாக ஊர்ந்து வரும். மேலே போனால் முழுக்கக் கல்லால் கட்டின ஊர்கள். பல நூறு வருஷத்து வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சர்ச் வாசலில் ஒரு குழாய், அதில் எந்நேரமும் தண்ணீர். நான் முகம் கழுவிக்கொண்டு அங்கே உட்காருவேன். வாழ்நாள் முழுக்கப் பாத்திரச் சத்தத்திலேயே இருந்த காதுக்கு அந்த அமைதி புதிது.

எனக்குச் சைக்கிள் உடற்பயிற்சி இல்லை. கேரியரில் அலுமினிய அண்டாவும் ஹேண்டில்பாரில் தூக்குவாளியுமாக ஊர் ஊராக விற்றுத்தான் காரைக்கால் கடைத்தெருவில் மூன்று மாடி எவர்சில்வர் கடை கட்டினேன். யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. என் இரண்டு கால்கள்தான் கொடுத்தன.

ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது, வளைவில் வலதுகை விரல்கள் மடங்கவில்லை. மடங்கு என்று நினைத்தேன், அவை யோசித்தன. அதற்குள் வேலிச் செடிக்குள் போய் விழுந்தேன். சிராய்ப்புதான், பெரிதாக ஒன்றுமில்லை.

அங்கே பிரேக் கை மாறியிருக்கும். நம் ஊரில் வலதுகை பிடித்தால் முன்சக்கரம் நிற்கும், அங்கே பின்சக்கரம். பழக்கதோஷம் என்று எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். மாப்பிள்ளை கடையில் கொடுத்து நம் ஊர் மாதிரி ஒயரை மாற்றிக் கொண்டுவந்தார். மறுபடியும் அதே வளைவு, அதே செடி. பிரெஞ்சுக்காரனுக்கு ஒயர் இழுக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்படியே அந்தக் கோடையைக் கடத்தினேன். கையில் இருந்த நோயைப் பிரேக்கில் தேடினவன் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

ஊருக்கு வந்தபிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மீன் மார்க்கெட்டைத் தாண்டும்போது வாசனையே வரவில்லை. பரவாயில்லை, நன்றாகச் சுத்தம் செய்கிறார்கள் என்று பாராட்டினேன். சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. கல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுற்றுவதுபோலத் தாமாகவே உரசிக்கொண்டன.

தனம்தான் கண்டுபிடித்தாள். கடைத்தெருவில் எனக்குப் பின்னால் நடந்து வந்தவள், “ஏங்க, வலதுகையை எங்க வச்சிட்டு வந்தீங்க?” என்றாள். நடந்தபடியே குனிந்து பார்த்தேன். இடதுகை வீசி வருகிறது, வலதுகை உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். என்னை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்து காட்டச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். திரும்பி வரும்போதே அவர் முகம் மாறியிருந்தது. பார்க்கின்சன் நோய் (உடம்பை அசைக்க உதவும் டோபமின் என்ற பொருள் மூளையில் குறைந்துபோவது) என்றார். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

“தப்பு ஒண்ணும் இல்லிங்க. இது யாருக்கும் வரலாம்” என்றார்.

“சரியாயிடுமா?”

“முழுசா சரியாக்க முடியாதுங்க. கட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நல்லபடியா இருக்கலாம்.”

இதே வார்த்தையை இப்போது கேட்டுவிட்டு வந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்று வண்டியில் வரும்போது தனம் என் வலதுகையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். காரைக்கால் வரும்வரை அது நடுங்கவில்லை. மடியில் இருந்ததால் நடுங்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன். டாக்டர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

லெவோடோபா மாத்திரை (மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது) கொடுத்தார்கள். மாத்திரைக்கும் மீன், கறிச் சாப்பாட்டுக்கும் இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால் மருந்து சரியாக ஏறாது. நேரத்தை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில வருஷம் நன்றாகவே ஓடியது. குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அப்புறம் கால் நின்றது. இதற்கு உறைதல் (நடக்க நினைத்தும் பாதம் தரையை விட்டு எழாமல் நிற்பது) என்று பெயர். வாசற்படி, திரும்பும் இடம், குறுகலான இடம், இங்கெல்லாம் வரும். உடம்பு முன்னால் போகும், பாதம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இருமுறை விழுந்தேன். இரண்டாவது முறை நெற்றியில் தையல். தனம் என் சைக்கிளைக் கொல்லையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். நான் சாவியைக் கேட்கவில்லை. நடக்க முடியாதவனுக்குச் சைக்கிள் எதற்கு? கடைக்குப் போவதையும் நிறுத்தினேன். ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்தேன். ரோடு இருந்தது, நான் இல்லை.

டாக்டர் அனுப்பிய பிசியோதெரபி அறையில் ஓரிடத்தில் நின்றபடி மிதிக்கும் சைக்கிள் ஒன்று இருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண், ஏறிப் பாருங்கள் என்றாள். அந்த அறைக் கதவைத் தாண்டி என்னை உள்ளே கொண்டுவரவே பெரும்பாடாகிவிட்டது. பிடித்து ஏற்றினார்கள். பெடலில் பாதத்தை வைத்தேன்.

போயிற்று பாருங்கள் கால்! வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுக்கமில்லை, தயக்கமில்லை. நிறுத்தச் சொல்லியும் நான் நிறுத்தவில்லை. பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தனம்.

இந்த நோய்க்காரர்கள் சிலருக்கு நடை போனாலும் மிதி போவதில்லை என்றார் டாக்டர். அடுத்த அடியை மூளை தேடவேண்டியதில்லை, பெடலே சுற்றிக்கொண்டுவந்து பாதத்தில் கொடுத்துவிடுகிறது என்று விளக்கினார். ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியாதாம். ரோட்டில் போகலாமா என்றேன். அவசரப்படவில்லை அவர். இது எல்லோருக்கும் ஆகாது, சோதித்துப் பார்த்துத்தான் விடவேண்டும் என்றார். என்னைச் சோதித்தபிறகு நிபந்தனை போட்டார்: வண்டி வராத சமதளம், தாழ்வான சைக்கிள், ஏறும்போதும் இறங்கும்போதும் ஆள். ஆபத்து இறங்குகிற இடத்தில்தான். அங்கே ஒருமுறை விழுந்தால் சைக்கிளை மறந்துவிடவேண்டியது.

தாழ்வான சைக்கிள் என்றால் லேடீஸ் சைக்கிள். பார் வைத்த பெரிய சைக்கிளில் அண்டா ஏற்றினவன் நான். வாங்கினேன். பச்சைக் கலர்தான் கிடைத்தது.

துணைக்கு சுலைமான் வந்தான். துபாயில் இருந்துவிட்டு வந்து ஓய்வாக இருக்கும் பழைய சிநேகிதன். என் பின்னால் மொபெட்டில் வருவான், வாய் சும்மா இருக்காது. “அண்ணே, கூடை ஒண்ணு மாட்டிக்கங்க, காலேஜுக்குப் போற மாதிரி இருக்கும்” என்பான்.

காலையில் வாய்க்கால் ரோட்டில் போவோம். நம் பக்கம் மலை இல்லை. ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம்தான். பிரான்ஸ் மலையையே ஏறின எனக்குப் பாலத்தின் உச்சியில் மூச்சு வாங்கியது. நின்று பார்க்கவில்லை, நிற்கக் கூடாதே. மிதித்துக்கொண்டே பார்த்தேன். நாற்று நட்ட வயலில் தண்ணீர், நடுவில் கோயில் கோபுரம், வரப்பில் கொக்கு. பாத்திரம் விற்ற நாளில் இதே கோயில்களைத் தாண்டித்தான் போனேன். அப்போது கோபுரம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது, கூவ ஆரம்பி என்று அர்த்தம். சோழர் காலத்துக் கல் என்கிறார்கள். நான் இப்போதுதான் கல்லைப் பார்க்கிறேன். தெம்பான நாட்களில் பட்டினச்சேரி வரை போய்க் கடல்காற்று வாங்கி வந்தோம். சைக்கிளில் இருக்கும்வரை எனக்கு நோய் இல்லை.

இறங்கினால் இருக்கிறது. வீட்டு வாசலில் சுலைமான் பிடித்து இறக்குவான். அவ்வளவுதான், கால் நட்டுவைத்தது மாதிரி நின்றுவிடும். “என்னண்ணே, ரேஷன் கடையா? யாருமே இல்ல, முன்னாடி போங்க” என்பான். சிரிப்பு வரும், கால் வராது.

பிசியோதெரபிப் பெண் இதற்கும் வழி சொல்லியிருந்தாள். எதிரே குறுக்காக ஏதாவது இருந்தால் அதைத் தாண்ட இந்தக் கால் எழும்பும். கூட இருப்பவர் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தாலே போதும், இவர் அதைத் தாண்டி நடக்க ஆரம்பித்துவிடுவார் என்று தனத்திடம் சொன்னாள். தனம் தலையை ஆட்டிவிட்டு வந்தாள், செய்யவில்லை. ஒருத்தர் காலை ஒருத்தர் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து நான் இருக்கும் திசையில் அவள் காலை நீட்டினதில்லை. தாண்டினால் வளர்த்தி நின்றுவிடும் என்பார்களே, அறுபது தாண்டின உனக்கு இனி என்ன வளர்த்தி என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. என் கால் உங்களுக்குக் குறுக்கே வரக் கூடாது என்று மட்டும் சொன்னாள். விறகுக்கட்டையைப் போட்டாள், அது உருண்டது. பிறகு விளக்குமாற்றைப் போட வந்தவள், அதுவும் ஆகாது என்று திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அறுப்புக் காலத்தில் ஒரு நாள், வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இறங்கினேன். சுலைமான் சைக்கிளை ஓரமாக நிறுத்தப் போனான். நான் அவசரப்பட்டு ஓர் அடி வைத்து, நடுரோட்டில் உறைந்து நின்றேன். வளைவில் அறுப்பு மிஷின் வருகிறது, ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு. டிரைவர் நிறுத்தத்தான் செய்தார். ஆனால் அந்தச் சத்தத்திலும் ஹார்னிலும் என் முழங்கால் நடுங்கி உடம்பு முன்னால் சாய ஆரம்பித்தது. விழப்போகிறேன், இன்றோடு சைக்கிள் முடிந்தது என்று தெரிந்தது.

தனம் வாசலிலிருந்து வந்தாள். ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தாள். என் முழங்கையைப் பிடித்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தன் வலது பாதத்தை என் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள்.

“தாண்டுங்க” என்றாள்.

தாண்டினேன். அடுத்த பாதத்தை வைத்தாள். அதையும் தாண்டினேன். மூன்றாவது அடியில் என் கால் தானாக நடந்தது. வாசலுக்கு வந்ததும் அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.  சுலைமான் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது வீட்டுக்குள்ளும் அப்படித்தான். சமையல்கட்டு நிலை, குளியலறை வாசல், கட்டிலோரம், எங்கே நின்றாலும் ஒரு பாதம் வந்து முன்னால் நிற்கும். தினமும் சைக்கிளில் போய்வருகிறேன். எத்தனை காலத்துக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காரைக்காலில் யாருக்காகவும் காத்து நின்றவனில்லை நான். சக்கரம் சுற்றும் வேகம்தான் எனக்கு நேரம். இப்போது நேரம் ஒரு பாதத்தின் அகலம். அந்தப் பாதத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது விரலில் மெட்டி தேய்ந்து மெலிந்திருக்கிறது. குதிகாலில் வெடிப்பு. அது வருவதற்குள் என் கால் எழும்பப் பார்க்கிறது சில நாள். நான்தான் கொஞ்சம் நின்றுகொள்கிறேன், அவள் வரட்டும் என்று.