“இருக்கியா?” என்று கேட்ட டாக்டர்

செய்தி வந்தபோது நான் பழனி அடிவாரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் போன் அடித்தது. டாக்டர் எஸ்தரின் பல் கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் நாகம்மா பேசினாள். “அக்கா, வெள்ளனே வந்து கதவத் தட்டுனேன். கூப்புட்டேன், கூப்புட்டேன். சத்தமே இல்லக்கா.” அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. கூப்பிட்டுப் பதில் சொல்லாத ஆள் இல்லை டாக்டர். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வடகவுஞ்சிப் பிரிவு வந்தபோது நான் எதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னல் பக்கம் எங்கள் ஓடை இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் புதன்கிழமை தவறாமல் இறங்கி ஏறிய ஓடை.

கொடைக்கானல்காரர்களே, உங்களில் பாதிப்பேர் அவருக்கு முன்னால் வாயைத் திறந்தபடி படுத்திருப்பீர்கள். கோபக்காரர், சிரிக்க மாட்டார், பாக்குப் போடுகிறவனை நாற்காலியிலேயே வைத்துத் திட்டுவார் என்று சொல்வீர்கள். எல்லாம் உண்மைதான். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவர் கிளினிக்குக்கும் நடுவில் ஒரே சுவர். இருந்தும், கடைவாய்ப் பல் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்திய நாள் வரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்த பிறகு அவர் சொன்னார்: “நாள் பூரா நான்தான் பேசுறேன். எதிர்ல இருக்கவங்க வாயத் தெறந்துதான் வச்சிருக்காங்க. ஒருத்தராவது பதில் சொல்றாங்களா?” கையைக் கழுவிக்கொண்டே, “புதன்கிழமை ஓடைக்குப் போறேன். நீயும் வா” என்றார். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை.

வடகவுஞ்சிக்குக் கீழே மலை பிளந்து, அந்தப் பிளவு வழியாக ஓடை பழனிப் பக்கம் இறங்குகிறது. பாதை என்று ஒன்றும் கிடையாது. பாறை மேல் உட்கார்ந்து சறுக்கி, தண்ணீரில் முழங்கால் நனைய நடந்து, மறுபடி பாறையில் தொற்றி ஏற வேண்டும். இரண்டு புறமும் செங்குத்தாக மலை நிற்கும். அட்டைக்குப் பயந்து காலில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு போவோம். முதல் நாளே பாசியில் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தேன். கூப்பிட வெட்கப்பட்டு, சேலையைப் பிழிந்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. “விழுந்தா சத்தம் போடணும். மானம் போறத அப்புறமாப் பாத்துக்கலாம்” என்றார். எனக்கு ஏலாது, மேலே போய்விடலாம் என்றேன். என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். எங்கள் வீட்டில் முடியாததற்கெல்லாம் ஏலாது என்றுதான் சொல்வோம். “உங்கப்பா அங்கருந்து கொண்டாந்த சொத்து இது ஒண்ணுதானா?” என்று கேட்டுவிட்டு டாக்டர் நடக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஏற்பட்டதுதான் எங்கள் வழக்கம். முன்னால் போகிறவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று “இருக்கியா?” என்று கூப்பிட வேண்டும். பின்னால் வருகிறவர் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். பதில் வரவில்லையென்றால் முன்னால் போனவர் திரும்பி வர வேண்டும். கூப்பிட ஆள் இல்லாமல் ஓடைக்குள் யாரும் இறங்கக் கூடாது. முன்னால் போகிறவர் எப்போதும் டாக்டர்தான். கை கொடுத்தால் கோபம் வரும். “கைய எடு. நான் என்ன பேஷண்டா?” என்பார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ள பிள்ளைகள் கையிலிருந்தெல்லாம் மிட்டாயைப் பிடுங்கிப் போட்ட அந்த அம்மாள், ஓடையின் நான்காவது வளைவில் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்பார். எனக்கு ஒரு துண்டு, அவருக்கு மீதி எல்லாம். “ஊருக்குள்ள சொல்லிராத” என்பார். இப்போது சொல்லிவிட்டேன் டாக்டர். திட்டுவதற்கு நீங்கள் இல்லை.

அவருடைய தம்பி போர்ச்சுகலில் ஒரு உணவகத்தில் சமையல்காரராக இருக்கிறார். அங்கேயும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடக்க வழி இருக்கிறது, வந்து பார் என்று அக்காவை வருஷக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் இருந்தால்தான் வருவேன் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்து, என்னையும் கிளப்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் என்றால் அப்பா கப்பலிலிருந்து இறங்கியபோது கையில் வைத்திருந்ததுதான். அதற்குப் பிறகு எடுத்தவள் நான்.

அங்கே பைவா என்றொரு ஆறு. மலையைக் குடைந்துகொண்டு போகிறது. அதன் கரைப் பாறைகளிலேயே மரப்பலகைகளைப் பொருத்தி, மைல்கணக்கில் நீளும் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். கைப்பிடி உண்டு, படிக்கட்டு உண்டு, நடுவில் கம்பிவலைத் தரையோடு ஒரு தொங்குபாலம்கூட உண்டு. கால் நனையாமல் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வரலாம். எனக்கு வாய் பிளந்துபோயிற்று. டாக்டர் மேட்டைப் பார்த்துவிட்டு, “இங்கயும் தைலமரம், இங்கயும் வாட்டில் மரம். நம்ம மலையக் கெடுத்த ரெண்டு பேரும் இங்க வந்துதான் உக்காந்திருக்காங்க” என்றார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாதை இருந்தால் என்ன, பழக்கம் விடுமா? ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் “இருக்கியா?” என்று கத்த, நான் “இருக்கேன்” என்று கத்த, வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஓரிடத்தில் படி இறங்கிப் போனால் ஆற்றோரம் மணல். நான் அங்கே போய்க் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, அவித்த முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். ஆற்றிரைச்சலில் டாக்டர் கூப்பிட்டது கேட்கவில்லை. ஏறிய படிகளையெல்லாம் அவர் திரும்ப இறங்கி ஓடி வந்திருக்கிறார், “செல்வீ, செல்வீ” என்று பள்ளத்தாக்கே அதிர. யாரோ ஆற்றில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, சீருடை போட்ட காவலாள் ஒருவர் கயிற்றோடு ஓடி வந்தார். இரண்டு பேருமாக என்னைக் கண்டுபிடித்தபோது என் வாய் நிறைய முட்டை இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை.

காவலாளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இந்தப் பாதையில் யாரும் தொலைந்துபோக முடியாது, அதற்காகத்தானே பாதை போட்டிருக்கிறோம் என்று அவர் சொன்னதை, எங்களைக் கூட்டி வந்திருந்த தம்பி மொழிபெயர்த்தார். டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே, “பாதை இருக்கு, சரி. ஆளு இருக்கணும்ல?” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். யார் கையும் படக் கூடாது என்கிறவர், கார் நிறுத்திய இடம் வரை அதை விடவில்லை. அம்மா போன பிறகு நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிக்கொண்டு யாரும் ஓடி வந்ததில்லை.

திரும்பி வந்த பிறகு ஊருக்குள்ளும் இது தொடர்ந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போய், மஞ்சு இறங்கி, எதிர்க் கடை தெரியாமல் போகும்போது கிளினிக்குக்கு மேலே குடியிருந்த டாக்டர் மாடி ஜன்னலைத் திறந்து “இருக்கியா?” என்பார். நான் கடைக்குள்ளிருந்து “இருக்கேன்” என்பேன். அவ்வளவுதான், ஜன்னல் சாத்தப்படும். டீக்கடையில் எங்களைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்த அன்று தம்பியால் வந்து சேர முடியவில்லை. நாகம்மா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குக் காட்டினாள். பாதிரியார் ஜெபித்தார், மண் போட்டோம், எல்லோரும் கலைந்து போனார்கள். அன்று மாலை மஞ்சு கனமாக இறங்கியது. கரண்ட்டும் போனது. நான் கடை வாசலில் விளக்கில்லாமல் உட்கார்ந்து மாடி ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் நான் இருக்கிறேனா என்று கேட்க இனி ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த புதன்கிழமை கால் தானாக வடகவுஞ்சி பஸ்ஸில் ஏறிற்று. ஓடைக்கு மேலே பீன்ஸ் தோட்டம் வைத்திருக்கும் பாண்டியம்மாள் எங்களைப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பவர். “டாக்டரம்மா வரலயா?” என்று கேட்டார். சொன்னேன். பறித்த பீன்ஸை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பீன்ஸைக் கூடையில் போட்டுவிட்டு, “நீங்க எறங்கலயா?” என்றார்.

“கூப்பிட ஆளில்லாம எறங்கக் கூடாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க.”

“எனக்கு இன்னைக்குப் பூரா இங்கனதான் சோலி கெடக்கு. நீங்க எறங்குங்க. நான் கூப்புடுறேன்.”

இறங்கினேன். முதல் வளைவில் மேலிருந்து “இருக்கீங்களா?” என்று கேட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் கூப்பிடுகிற நீட்டல். பதில் சொன்னேன். இரண்டாவது வளைவில் அந்தக் குரல் மெலிந்திருந்தது. மூன்றாவதில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அடுத்த வளைவில் அந்தத் தட்டைப் பாறை. அதுவரை போய்விட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். குரல் எட்டாத இடத்துக்குப் போகக் கால் வரவில்லை.

ஓடையில் டாக்டர் ஊன்றி நடந்த கைத்தடியை நாகம்மா என்னிடம் கொடுத்திருக்கிறாள். கிளினிக் பலகையையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் எனக்குப் பழக்கிவிட்ட அந்த ஒற்றைப் பதிலைத்தான். தடியை ஊன்றி நின்று, யாரும் கேட்காமலே அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மேலே கல் உருளும் சத்தம் கேட்டது. பாண்டியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. என்னைக் கண்டதும் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன். பதில் சொல்ல மாட்டீங்களா?”

“இருக்கேன்” என்றேன். அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை.