ஒரு சின்னக் கோடு

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'அஞ்சுகோடு' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ரோட்டோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணுவதுதான் அவர் வேலை. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. எந்த ரோட்டை அகலப்படுத்தலாம், எங்கே பஸ் விடலாம் என்று நகரத் திட்ட அலுவலகம் முடிவு செய்வது அந்தக் கோடுகளை வைத்துத்தான். வீட்டிலும் சும்மா இருப்பாரா? "இன்னிக்கு என்னைப் பதினோரு தடவை திட்டிட்டே" என்பார். பன்னிரண்டாவதையும் வாங்கிக்கொள்வார்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். மனுஷர் பொய்க் கணக்கு எழுதியதே இல்லை. எண்ணாததை எண்ணியதாகப் போட மாட்டார். படிவத்தில் அதற்கான கட்டத்தில் படுக்கையாக ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுவார். 'எண்ணவில்லை' என்று அர்த்தம். அவர்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது.

போன வாரம் எங்கள் பெரிய ரோட்டுக்கான வரைபடத்தை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். இருவரும் போய்ப் பார்த்தோம். ரோட்டின் நடுவே மார்பளவுச் சுவர், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு சந்து கூட இல்லாமல். இந்தப் பக்கம் எங்கள் வீடுகள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நான் வேலை பார்க்கும் தையற்கூடம். சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர். என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு நான் வேலையை விட வேண்டியதுதான்.

இவர் வரைபடத்தின் அடியில் இருந்த அட்டவணையையே பார்த்துக்கொண்டு நின்றார். 'நடந்து கடப்போர்: 0.' பக்கத்தில் 'எண்ணியவர்' என்று இவர் பெயர்.

"நான் சைபர் போடலயே. இந்த ரோட்டை எண்ணின அன்னிக்கு என்கூட எண்ண வேண்டிய ஆள் வரல. வண்டியை மட்டும்தான் எண்ண முடிஞ்சுது. ஆளுங்க கட்டத்துல கோடு போட்டேன்."

மாடியில் இருந்த பொறியாளரிடம் ஓடினோம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "இதுல கோடு ஏறாது சார். அதனால சைபர்னு ஏத்திட்டாங்க."

அடப் பாவிகளா! காலையில் அந்த ரோட்டைத் தாண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே ஐந்நூறு தேறுமே!

"நாளைக்கே மறுபடி எண்ணித் தரேன் சார்," என்றார் இவர்.

"அதுக்கெல்லாம் கெடு முடிஞ்சு போச்சு. அன்னிக்குத் தாண்டினவங்களுக்கு ஆதாரம் இருந்தா மட்டும் திருத்தலாம். இருக்கா?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு மத்தியானம் இவர் சாப்பிட்ட சோறு பறந்தா வந்துச்சு? நான்தான் ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்தேன். மறுபடி தாண்டித்தான் திரும்பிப் போனேன்."

பொறியாளர் இவரைப் பார்த்தார். இவர் தலையாட்டினார். அவரும் நல்லவர்தான் போல. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். சைபர் போய் இரண்டு வந்தது.

"ஆனா ரெண்டு பேருக்காகச் சுவர்ல வழி விட முடியாதும்மா," என்றார்.

இவர் முன்னால் படியிறங்கினார். வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேர் கூட இல்லடி. ரெண்டும் நீதான்."